அன்றைய வேலை முடியும்வரை சில செயலிகளை மட்டும் பூட்டி வைக்க வழி உண்டா?

கேள்வி: தங்கச்சிமடம் கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். நான் தங்கச்சிமடத்தில் விசைப்படகு உரிமையாளர் ஒருவரிடம் கணக்கு எழுதிக்கொண்டே, டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கும் படித்து வருகிறேன். படகு கரை அணைந்ததும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் ஆகியவற்றின் செலவையும், இறால், நண்டு, கணவாய், சங்காயம் என்று பிரித்து எடை போட்ட சரக்கின் வரவையும் பேரேட்டில் ஏற்றி, தொழிலாளர் பங்கைக் கணக்கிட்டு அன்றைக்கே உரிமையாளரிடம் காட்டிவிட வேண்டும். இடையில் ஒரு விலையைக் கேட்க வாட்ஸ்அப்பைத் திறந்தால், வியாபாரியிடமிருந்து பதில் வருவதற்குள் கை தானாக இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்குப் போய்விடுகிறது. பதில் வந்து அரை மணி நேரம் கழிந்த பிறகுதான் பேரேடு நினைவுக்கு வருகிறது.

கைப்பேசியிலேயே இருக்கும் நேர வரம்பு வசதி என் வேலைக்குப் பொருந்தவில்லை. எங்கள் பகுதி விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என வாரத்தில் மூன்று நாள்கள்தான் மீன்வளத்துறையின் டோக்கன் பெற்றுக் கடலுக்குச் செல்கின்றன. காலையில் புறப்படும் படகு மறுநாள் காலையில்தான் திரும்பும். கைப்பேசியோ நள்ளிரவு 12 மணிக்குப் புது நாளைத் தொடங்கி, அன்றைக்கு உரிய நேரத்தை முழுதாக என் கையில் கொடுத்துவிடுகிறது. விடியற்காலையில் படகுக்காகக் காத்திருக்கும்போதே அதில் பெரும்பகுதி கரைந்துபோகிறது.

எனக்கு வேண்டியது இதுதான்: கணக்கு, படிப்பு, அம்மாவுக்கு மருந்து வாங்குவது போன்ற வீட்டு வேலை ஒன்று ஆகிய மூன்றும் முடியும்வரை இன்ஸ்டாகிராம், பேஸ்புக், ஒரு விளையாட்டுச் செயலி ஆகியவை திறக்கக் கூடாது. முடிந்துவிட்டால், அது காலை 11 மணியானாலும் இரவு 8 மணியானாலும், திறந்துகொள்ள வேண்டும். ஆனால் காற்று வேகம் கூடி டோக்கன் நிறுத்தப்படும் செய்தியும், வானிலை எச்சரிக்கையும், படகிலிருப்பவர்களைப் பற்றிய தகவலும் வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் வருகின்றன என்பதால் அதைப் பூட்ட முடியாது. என்னிடம் இருப்பது விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசி. வங்கிச் செயலியும் யுபிஐயும் அதில்தான் இருக்கின்றன. வெளிச் செயலி ஒன்றை நம்பி அனுமதி கொடுப்பது பாதுகாப்பானதா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில்: ராமநாதபுரம் கைப்பேசிப் பழுதுநீக்குபவர்

தம்பி, நீங்கள் கேட்பது நடக்கக்கூடியதுதான். கைப்பேசியோடு வரும் வசதியால் மட்டும் நடக்காது. 2018இல் ஆண்ட்ராய்டு 9 உடன் வந்த டிஜிட்டல் வெல்பீயிங்குக்கு நேரம் தெரியும், வேலை தெரியாது. அதிலுள்ள ஃபோகஸ் மோடு நீங்கள் தேர்ந்தெடுத்த செயலிகளைச் சாம்பல் நிறமாக்கி அவற்றின் அறிவிப்புகளையும் நிறுத்தி வைக்கும். நீங்கள் அணைக்கும்வரை அப்படியே இருக்கும். படகு வந்ததும் அதைப் போட்டு, பேரேடு முடிந்ததும் அணைப்பது ஒன்றே சிலருக்குப் போதுமானதாக இருக்கிறது. அதில் சிறிது நேரம் இடைவேளை எடுத்துக்கொள்ளும் பொத்தான் ஒன்று உண்டு. அந்தப் பொத்தானைத் தொடாமல் இருக்கக்கூடியவருக்கு ஃபோகஸ் மோடே தேவைப்படாது என்பது வேறு விஷயம்.

வேலைப் பட்டியலையும் பூட்டையும் இணைக்கும் செயலிகள் பிளே ஸ்டோரில் இருக்கின்றன. அவற்றின் உள்வேலை ஏறத்தாழ ஒன்றுதான். எந்தச் செயலி திறக்கப்படுகிறது என்று கவனிக்க ஓர் அனுமதியும், அதன்மேல் தன் திரையை விரித்து மறைக்க இன்னோர் அனுமதியும் கேட்கும். பல செயலிகள் இவற்றுக்கு மேலாக அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி) அனுமதியையும் கேட்கும். நீங்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் அந்த மூன்றாவது அனுமதிதான். பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டுவதற்காக உருவான வசதி அது. ஆகவே அந்த அனுமதி பெற்ற செயலியால் திரையில் தெரியும் எழுத்துகளைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகத் தொடவும் முடியும். அதனால்தான் சில வங்கிச் செயலிகள், வெளிச் செயலி ஒன்றுக்கு அந்த அனுமதி இருப்பதைக் கண்டால் எச்சரிக்கின்றன அல்லது திறக்கவே மறுக்கின்றன. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஏபிகே கோப்பை நிறுவி அதற்கு இந்த அனுமதியைக் கொடுக்கவே கூடாது. ஆண்ட்ராய்டு 13 முதல் அப்படி வெளியிலிருந்து நிறுவும் செயலிகளுக்கு இந்த அனுமதியை எளிதில் கொடுக்க முடியாதபடி கூகுளே ஒரு தடையை வைத்திருக்கிறது. அதைத் தாண்டும் வழியைக் காட்டும் வீடியோக்களைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

உங்கள் நாள் 12 மணிக்குத் தொடங்குவதில்லை என்பதால் மேக்ரோட்ராய்டு என்னும் செயலியை உங்களுக்குப் பரிந்துரைப்பேன். பூட்டுவதற்கென்று செய்யப்பட்ட செயலி அல்ல. 'இது நடந்தால் இதைச் செய்' என்று நாமே விதி எழுதிக்கொள்ளலாம். 'வேலை முடிந்தது' என்ற பெயரில் ஆம், இல்லை என்னும் இரு மதிப்புகள் கொண்ட ஒரு குறிப்பை உருவாக்குங்கள். இன்ஸ்டாகிராம் திறக்கப்படும்போது அந்தக் குறிப்பு 'இல்லை' என்றிருந்தால் முகப்புத் திரைக்குத் திருப்பி அனுப்பு என்பது முதல் விதி. படகு அணைந்ததும் நீங்கள் ஒரு பொத்தானைத் தொட்டால் குறிப்பு 'இல்லை' ஆக மாற வேண்டும், வேலை முடிந்ததும் இன்னொரு பொத்தானைத் தொட்டால் 'ஆம்' ஆக வேண்டும் என்பது இரண்டாவது விதி. மறதிக்கு இடம் கொடுக்காமல், விடியற்காலை 3 மணிக்குத் தானாகவே 'இல்லை' ஆகும்படி இன்னொரு விதியும் வைத்துக்கொள்ளலாம். செயலி திறக்கப்படுவதை அறிய இதுவும் அனுமதி கேட்கும். எந்தச் செயலி திறக்கப்படுகிறது என்று மட்டும் கவனிக்கும் பயன்பாட்டு விவர அனுமதியோடு வேலை நடந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைக்கு வருபவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று: "இரண்டு நாள் பூட்டியது, மூன்றாம் நாள் பூட்டவில்லை." விலை குறைந்த கைப்பேசிகள் பல, பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும். பூட்டுச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, கைப்பேசி தொடங்கும்போது தானாக இயங்கும் அனுமதியையும் கொடுத்தால்தான் பூட்டு நிலைக்கும்.

பதில்: உச்சிப்புளி, ஓய்வுபெற்ற ஆசிரியை

மேலே சொல்லப்பட்ட தொழில்நுட்பத்தைப் பற்றி நான் பேசத் தகுதியுடையவள் அல்லேன். ஆனால் வேலை முடிந்தது என்று அந்தச் செயலிக்குச் சொல்லப்போவது யார் என்ற கேள்வியை இதுவரை எவரும் எழுப்பவில்லை. நீங்களே டிக் போட்டு நீங்களே திறந்துகொள்வீர்கள் என்றால், அது வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டதற்குச் சமம்.

ஆகவே செயலியைத் தேர்வதைவிட, பட்டியலில் எழுதும் வாசகத்தில் அதிக நேரம் செலவிடுங்கள். 'படிக்க வேண்டும்' என்று எழுதினால் அது எப்போது முடிந்தது என்று உங்களுக்கே தெரியாது. பத்து நிமிடம் புத்தகத்தைப் புரட்டிவிட்டும் டிக் போடலாம், மூன்று மணி நேரம் படித்துவிட்டும் மனம் ஒப்பாமல் விடலாம். 'பழைய வினாத்தாளிலிருந்து 25 வினாக்களுக்கு விடை எழுதி, திருத்தி, மதிப்பெண்ணை நோட்டில் குறித்தல்' என்று எழுதினால் முடிவு கண்ணுக்குத் தெரியும். குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 100 தமிழ்ப் பகுதியைச் சேர்ந்தவை. அதில் 150க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மறுபகுதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால் அந்த 25ஐத் தமிழிலிருந்து தொடங்குவது நல்லது. கணக்குக்கும் அப்படியே: பேரேட்டுப் பக்கத்தின் அடிக்கூட்டலைப் போட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிய பிறகுதான் வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பாத படத்தை அனுப்பியதாக யாரும் தம்மையே ஏமாற்றிக்கொள்ள முடியாது.

விருப்பமான செயலைப் பின்னே வைத்து, விருப்பமில்லாத செயலை முன்னே செய்ய வைக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிரிமாக் 1959இல் ஆய்வாக எழுதினார். நம் வீடுகளில் 'வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு விளையாடப் போ' என்று சொல்லாத தாய் இல்லை; அவர் அதைச் சோதித்துக் காட்டினார் என்பதுதான் வேறுபாடு. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகள் சிலருக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். பிறகு பரிசு இல்லாதபோது அந்தக் குழந்தைகள் முன்பைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். பரிசைப் பற்றிச் சொல்லப்படாத குழந்தைகளிடம் அந்தச் சரிவு காணப்படவில்லை. ஆகவே பேரேட்டுக்கு ரீல்ஸைக் கூலியாக வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. படிப்புக்கு அதைக் கூலியாக வைக்கத் தயங்குவேன். அந்த 25 வினாக்களை மட்டும் பூட்டுக்குள் வைத்துவிட்டு, மீதிப் படிப்பைப் பட்டியலுக்கு வெளியே விடுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே யோசிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும். பேரேடு இல்லாத அந்த நாள்களில் உங்கள் பட்டியல் காலை 9 மணிக்கே முடிந்து, நாள் முழுவதும் கைப்பேசி திறந்தே இருக்கும். தேர்வுக்குப் படிப்பவருக்கு அந்த இரண்டு மாதங்கள் எளிதில் கிடைக்காத காலம் என்பதால் அதற்குத் தனிப் பட்டியல் ஒன்றை எழுதி வையுங்கள்.

பதில்: தொண்டிக்காரர், இப்போது ஷார்ஜாவில்

கேட்டவரிடம் ஆண்ட்ராய்டுதான் இருக்கிறது என்றாலும், ஐபோன் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐபோனில் 2018 முதல் இருக்கும் ஸ்கிரீன் டைமும் நேரத்தை மட்டுமே அறியும். ஆனால் ஷார்ட்கட்ஸ் என்னும் செயலியில், இன்ஸ்டாகிராம் திறக்கப்பட்டவுடன் ரிமைண்டர்ஸ் பட்டியலைப் பார்த்து, முடிக்காத வேலை ஒன்றேனும் இருந்தால் ரிமைண்டர்ஸையே திறந்து காட்டும்படி விதி எழுதலாம். புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, யாருக்கும் அனுமதி கொடுக்க வேண்டியதில்லை. உறுதியான பூட்டு அல்ல. திரும்பத் திரும்பத் திறந்தால் இடையில் ஒரு நொடி நுழையலாம். என்றாலும், முடிக்காத வேலை கண்முன் வந்து நிற்பது பலருக்குப் போதும்.

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்னும் கிராமம் 2022 முதல் இரவு 7 மணிக்குச் சைரன் ஒலிக்கச் செய்து, ஒன்றரை மணி நேரம் ஊரே கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் அணைத்து வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. நம் ஊரில் யாராவது முயலலாமே என்று தோன்றுகிறது.

பதில்: பாம்பன் வாசகி

தொண்டி அண்ணன் சொல்லும் சைரன் விவசாயக் கிராமத்துக்குச் சரி. வீட்டு ஆண்கள் கடலில் இருக்கும் இரவில் பாம்பனில் எந்தப் பெண்ணும் கைப்பேசியை அணைத்து வைக்க மாட்டாள், அணைக்கவும் கூடாது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்த பிறகுதான் பாதி ஊருக்கே தெரிகிறது.

தம்பி, வாட்ஸ்அப்பைப் பூட்ட வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தது சரி. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால், விலை கேட்கத் திறந்த வாட்ஸ்அப்தான் உங்களை ரீல்ஸுக்கு அனுப்பிவைக்கிறது. வியாபாரியின் உரையாடலைத் திறந்து, மேலே இருக்கும் மூன்று புள்ளிகளுக்குள் சென்று, முகப்புத் திரையில் குறுக்குவழி சேர்க்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகு முகப்பில் அவர் பெயரைத் தொட்டால் நேரே அவரிடம்தான் போகும். ஸ்டேட்டஸும் சேனலும் வழியில் நிற்காது. படகுக் குழுவுக்கு மட்டும் தனி ஒலி வைத்து, மற்றக் குழுக்களின் ஒலியை நிறுத்திவிடுங்கள். அந்த ஒலி கேட்டால் மட்டும் எடுங்கள், கேட்காவிட்டால் கைப்பேசி கவிழ்ந்தே கிடக்கட்டும்.

2023இல் கைப்பேசிகள் திடீரென்று அலறியது நினைவிருக்கும். அரசு சோதித்துப் பார்த்த அந்த அவசர எச்சரிக்கை எந்தச் செயலியின் வழியாகவும் வருவதில்லை, கோபுரத்திலிருந்து நேரே வருகிறது. செயலிப் பூட்டு அதைத் தடுக்காது. செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கை அணைக்கப்படாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடம் கணக்கர்

அண்ணன்மார்களுக்கும் அக்காவுக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் நன்றி. உரையாடலுக்குக் குறுக்குவழி வைக்கலாம் என்பது எனக்கு இதுவரை தெரியாது, உடனே வைத்துவிட்டேன். மேக்ரோட்ராய்டில் விதி எழுதுவதும் நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டு சந்தேகங்கள் மீதமிருக்கின்றன. குரூப் 4 வகுப்புகளை யூடியூபில்தான் பார்க்கிறேன். அதைப் பூட்டினால் படிப்பு நின்றுவிடும்; பூட்டாவிட்டால் ஷார்ட்ஸ் இழுத்துக்கொள்ளும். அடுத்து, பூட்டை நானே கழற்ற முடியாதபடி ஒரு பின் எண் வைத்து அதை வேறொருவரிடம் கொடுக்கலாம் என்று எண்ணுகிறேன். அம்மாவிடம் கொடுப்பதா, உரிமையாளரிடம் கொடுப்பதா?

பதில்: ராமநாதபுரம் கைப்பேசிப் பழுதுநீக்குபவர்

யூடியூபைப் பூட்டாமல் அதன் இழுவையைக் குறைக்கலாம். உங்கள் கூகுள் கணக்கில் யூடியூப் பார்வை வரலாற்றை அழித்துவிட்டு, இனிப் பதிவாகாதபடி நிறுத்தியும் வையுங்கள். 2023 ஆகஸ்டு முதல், வரலாறு இல்லாத கணக்கின் முகப்புப் பக்கத்தில் யூடியூப் பரிந்துரைகளைக் காட்டுவதில்லை. தேடல் பெட்டி மட்டும்தான் நிற்கும். ஷார்ட்ஸுக்கான பொத்தான் கீழே அப்படியே இருக்கும், அதை இந்த வழியில் அகற்ற முடியாது. அதுவும் தொல்லை என்றால் யூடியூப் செயலியை முடக்கிவிட்டு, வகுப்புகளைப் பிரவுசரில் பிளேலிஸ்ட் முகவரியின் வழியாக மட்டும் பாருங்கள். முன்கூட்டியே நிறுவப்பட்டு வரும் கைப்பேசிகளில் அதை நீக்க முடியாவிட்டாலும் முடக்க முடியும். பிரவுசரில் பார்ப்பது கொஞ்சம் வசதிக் குறைவுதான். உங்களுக்கு வேண்டியதும் அந்த வசதிக் குறைவுதான்.

பின் எண் வைப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டைச் சேஃப் மோடில் தொடங்கினால் நீங்களாக நிறுவிய எந்தச் செயலியும் இயங்காது, உங்கள் பூட்டு உட்பட. ஆகவே எந்தப் பின் எண்ணும் உங்களை முழுமையாகத் தடுக்காது, தாமதப்படுத்தத்தான் செய்யும். படகு போகாத ஒரு நாளில் எல்லாவற்றையும் அமைத்து, கைப்பேசியை ஒருமுறை அணைத்துப் போட்டு, பூட்டு திரும்ப எழுந்து வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு கணக்கு நாளுக்குக் கொண்டுபோங்கள்.

பதில்: உச்சிப்புளி, ஓய்வுபெற்ற ஆசிரியை

இருவரிடமும் கொடுக்க வேண்டாம். அம்மா, மகன் முகம் வாடினால் எண்ணைச் சொல்லிவிடுவார். உரிமையாளரிடம் கொடுத்தால், நீங்கள் எண் கேட்கும் ஒவ்வொரு முறையும் வேலை நேரத்தில் பையன் என்ன செய்கிறான் என்ற எண்ணம் அவருக்கு எழும். சம்பளம் கொடுப்பவரிடம் அந்த எண்ணத்தை நீங்களே விதைக்க வேண்டியதில்லை. உங்களோடு குரூப் 4 எழுதும் நண்பர் ஒருவரைப் பிடித்து, அவருடைய பின் எண் உங்களிடமும் உங்களுடையது அவரிடமும் இருக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணைக் கேட்பதானால் செய்தி அனுப்பிக் கேட்கக் கூடாது, போன் செய்து, எந்த வேலை மீதமிருக்கிறது என்பதையும் வாய்விட்டுச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்று முன்னதாகவே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.